சாப்பிடச் சொல்லும் வேலை

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அத்தைக்கு மருமகள் அருள்மொழி வணக்கம் சொல்லி எழுதுவது. ஜப்பானில் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? உங்கள் பேத்தி பூஜா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

போன வாரம் ஒரு கூத்து. ஹோட்டல் சமையல்கட்டில் என்னை அதட்டும் பேச்சைக் கேட்டுத்தான் ஜப்பான் பாஷை பழகினேன். சாப்பிட வந்த பெரியவரிடமும் "சுவாரே" என்றுவிட்டேன். "உட்காருடா" என்கிற மாதிரியாம். அவர் சிரித்துக்கொண்டே கைகட்டி உட்கார்ந்தார்.

முதலாளி சபாபதி அண்ணன், சிதம்பரத்துக்காரர், தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, வந்தவர வாடா போடான்றியே?"

"எனக்கு நீங்கல்லாஞ் சொல்றததானண்ணே அவருக்குஞ் சொன்னேன்."

அப்புறம் அண்ணன் உட்கார, எழுந்திருக்க, சாப்பிட என்று எல்லாவற்றுக்கும் மரியாதைப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தார். "மெஷியகத்தே குதசாய்" என்றால், "சாப்பிடுங்க."

உங்கள் மகன் கடலோடு போனதிலிருந்து அப்படிச் சொல்ல எனக்கு ஆளில்லை. இப்போது நாள் முழுக்கச் சொல்கிறேன். எல்லாரும் சாப்பிடுகிறார்கள், அத்தை. பார்க்க நன்றாக இருக்கிறது.

நீங்கள் இன்னும் ஒருவேளைதான் சாப்பிடுகிறீர்கள் என்று பூஜா சொன்னாள். போனில் கேட்டால் மழுப்புவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனின் தம்பி அடுத்த மாதம் இங்கே வருகிறார். அவரிடம் வெங்காய வடகமும், உங்கள் மகனுடைய பழைய கைலி ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். தலையணைக்கு உறை இல்லை.

மாவு பிசையக் கூப்பிடுகிறார்கள். ராத்திரிக்கும் தட்டு வைத்து உட்காருங்கள்.

மெஷியகத்தே குதசாய், அத்தை.

அருள்மொழி