சாரத்தில் எண்ணெய்க் கறை

வெள்ளி, இரவு.

நாளை விதைநெல் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போக வேண்டிய பிக்கப். அடியில் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. ஆனாலும் கத்தாரில் வேலை செய்யும் என் கணவர் போனில் விடவில்லை. "நாலு சில்லுக்கும் இழுவையப் பிரிக்கிற பெட்டிக்குள்ள விரல விட்டுப் பாரு புள்ள. வண்டி ஓடக்குள்ளதான் ஒழுகும்."

பெட்டியின் எண்ணெய் வாயை மூடியிருக்கிற திருகாணியைக் கழற்றி விரலை விட்டேன். காய்ந்தே வந்தது.

"எண்ணெயில்லாம சேத்துக்குள்ள இறக்கியிருந்தா பெட்டி நொறுங்கியிருக்கும், ராத்தா." கராஜ் வேலை தெரிந்த என் தம்பி புது சீல் போட்டு எண்ணெய் நிரப்பினான்.

இவர் இங்கிருந்தபோது ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் அடியில் படுத்து இதைத்தான் பார்ப்பார். விரலை இடுப்பில் கட்டியிருக்கிற சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்புவார். தோய்க்கிற நான் கத்துவேன்.

மறுபடி பெட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். விரல் நனைந்தது. அவர் விட்டுப்போன சாரத்தை எடுத்து அதில் துடைத்தேன். தோய்க்கப் போடவில்லை.