முப்பத்தெட்டு பேருக்குத் தனிக் கூடம்

அகமதாபாத்
6 ஜனவரி 2025

அன்புள்ள தோவா,

உன் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா? வெந்நீரே கொடு.

இந்த மார்ச்சில் வியட்நாமுக்கு நாங்கள் முப்பத்தெட்டு பேர் வருகிறோம், வழக்கம்போல நீதான் வழிகாட்டி. பாதிப்பேருக்கு முழங்கால் வலி, மீதிப்பேருக்கு வாய் ஓயாது. டா நாங்கில் அதே கடற்கரை ஹோட்டலையே போட்டுவிடு. எங்கள் சமையல்காரர் மஹராஜ் கூடவே வருகிறார். வெங்காயம், பூண்டு படாத அடுப்பு ஒன்று அவருக்கு வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தத் தனிக் கூடம். "நமக்கென்றே ஒதுக்கிய சாப்பாட்டுக் கூடம்" என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் இத்தனை பேர் சேர்ந்தார்கள்.

அன்புடன்,
ஜாக்ருதி மேத்தா

டா நாங்
9 ஜனவரி 2025

அன்புள்ள ஜாக்ருதி பென்,

மகன் பள்ளிக்குப் போகிறான். டெட் புத்தாண்டு வருகிறது, வீடு முழுக்க சுண்ணாம்பு வாடை.

ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல் பார்த்தேன். பழைய கட்டிடம். கடல் தெரியாது. லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் மெதுவாக வரும். ஆனாலும் உங்கள் ஆட்களுக்கு அங்கே நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த முறை கடற்கரை ஹோட்டல் வேண்டாமே.

உங்கள்,
தோவா

அகமதாபாத்
11 ஜனவரி 2025

அன்புள்ள தோவா,

கடல் தெரியாத ஹோட்டலுக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்னைக் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். காரணமும் நீ சொல்லவில்லை. ஆற்றங்கரைக்காரர் உனக்குக் கூடுதலாக ஏதாவது தருகிறாரா? தந்தால் சொல், நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் பழைய ஹோட்டலையே போடு.

ஜாக்ருதி

டா நாங்
12 ஜனவரி 2025

ஜாக்ருதி பென்,

போட்டுவிட்டேன்.

தோவா

அகமதாபாத்
24 மார்ச் 2025

தோவா,

எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அங்கே முப்பத்தெட்டு பேர் முன்னால் கேட்க முடியாததை இப்போது கேட்கிறேன்.

பின்பக்க லிஃப்ட் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை மூன்று வருடமாகத் தாண்டிப் போகிறேன். உங்கள் மொழி. ஏதோ தீயணைப்பு விதி என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நம் ஹஸ்முக்பாய் அதன் முன் ஃபோனை நீட்டினார். ஃபோன் அதைக் குஜராத்தியில் மாற்றிக் காட்டியது. கூடத்துக்கு வந்து உரக்கப் படித்தார். "இந்தியக் குழுக்கள் இந்த லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும். மற்ற விருந்தினரின் அமைதிக்காக அவர்களுக்குக் காலை உணவு அடித்தளத்தில்."

மஹராஜ் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"மரியாதையா தனியா உக்கார வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன் பென். ஒதுக்கியில்ல வெச்சிருக்காங்க!" என்றார் ஹஸ்முக்பாய்.

"சும்மா இருங்க, டீ ஆறுது," என்றார் அவர் மனைவி. ஆனால் அவரும் டீயைத் தொடவில்லை.

நான் உன்னைப் பார்த்தேன். நீ அந்த ஃபோனை வாங்கிப் பார்க்கவில்லை. "அப்படியா?" என்றுகூடக் கேட்கவில்லை. தெரிந்தவள்தான் அப்படி நிற்பாள். எத்தனை நாளாகத் தெரியும்?

ஜாக்ருதி மேத்தா

டா நாங்
2 ஏப்ரல் 2025

ஜாக்ருதி பென்,

முதல் நாளிலிருந்தே தெரியும்.

முதல் வருடம் நாற்பத்திரண்டு பேர் வாசலில் பெட்டிகளோடு நின்றீர்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்க சத்தம் தாங்க முடியாது. பின்னாடி லிஃப்ட்ல வரச் சொல்லு. சாப்பாடு கீழ அடித்தளத்துல. இஷ்டம்னா இரு, இல்லன்னா வேற எடம் பாரு." மஹராஜைச் சமையலறைக்குள் விட அன்றைக்கு வேறு எந்த ஹோட்டலும் சம்மதிக்கவில்லை. நான் உங்களிடம் வந்து, "உங்களுக்கென்றே தனிக் கூடம் தருகிறார்கள்" என்றேன். நீங்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஜனவரியில் மாற்றிவிடப் பார்த்தேன். அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கூடுதல் வருமானம் பற்றி எழுதியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போய் அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

கடற்கரை ஹோட்டலுக்கு இனி யாரையும் அழைத்து வரமாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "சந்தோஷம்," என்றார்.

ஆற்றங்கரை ஹோட்டலுக்கு மறுபடி போனேன். வாசலில் மூன்று படி, கைப்பிடி உண்டு. குளியலறையில் வாளி கிடையாது, வாங்கி வைப்பதாகச் சொன்னார்கள். காலையில் ஒரு அடுப்பும் புது வாணலியும் மஹராஜுக்கு. எல்லோருக்கும் ஒரே கூடம், ஜன்னலுக்கு வெளியே ஆறு. நடத்துவது ஓர் அம்மாள். "என் ஆட்கள் சத்தமாகப் பேசுவார்கள்" என்று முதலிலேயே சொன்னேன். "பேசட்டுமே! என் மாமியார விடவா பேசிடுவாங்க?" என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டாலும் இந்த ஹோட்டலுக்கே வாருங்கள்.

தோவா

அகமதாபாத்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தோவா,

பதில் எழுத நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கடிதத்தை எடுத்துப் படிப்பேன், கோபம் வரும், எழுத உட்காருவேன், ஒரு விஷயம் ஞாபகம் வந்து பேனாவை மூடிவிடுவேன். அதைச் சொல்லாமல் உனக்கு எழுத முடியாது.

முதல் வருடம், இரண்டாம் நாள் மதியம். நீ உன் மீன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தாய். குழுவில் ஒருத்தி என் காதில், "அந்தப் பொண்ண வேற எங்கயாவது உக்காரச் சொல்லுங்க பென், வாடை தாங்கல," என்றாள். நான் எழுந்து வந்து உன்னிடம், "காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கே தோவா. வெளியில போயி நிம்மதியா சாப்பிடும்மா," என்றேன். நீ எனக்கு நன்றி சொன்னாய். அதற்கப்புறம் மூன்று வருடமும் வெளியில்தான் சாப்பிட்டாய். மழை பெய்த அன்றும்.

உனக்கு அப்போதே புரிந்ததா? புரிந்திருந்தால், என்னைவிட நன்றாக மறைத்திருக்கிறாய்.

அடுத்த மார்ச்சுக்கு என்னையும் சேர்த்து இருபத்தொரு பேர்தான். மற்றவர்கள் வேறு கம்பெனியோடு பாலிக்குப் போகிறார்கள். ஹஸ்முக்பாய் வருகிறார், ஃபோனும் கையுமாக. அந்த ஆற்றங்கரை ஹோட்டலையே போடு. வாளி வந்துவிட்டதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடு.

சாப்பாட்டு மேஜையில் இருபத்திரண்டு நாற்காலி போடச் சொல். நீயும் எங்களோடுதான் உட்காருவாய் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இருவர் முகம் சுளித்தார்கள். அவர்களும் பாலிக்குப் போகலாம் என்றேன், போகவில்லை.

மேஜையில் மீன் மட்டும் வேண்டாம், தோவா. இதை உன்னிடம் நேராகவே கேட்கிறேன்.

உன்,
ஜாக்ருதி பென்