பதினொரு கத்தரிக்கோல்

அன்புள்ள உங்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுத இன்று மனசே இல்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

ஆன்லைன் கடைக்காரர்கள் என் கமிஷன் கணக்கை நேற்று மூடிவிட்டார்கள். என் வெப்சைட்டில் இருக்கும் லிங்க் வழியாக யார் பொருள் வாங்கினாலும் எனக்குக் கமிஷன் உண்டு, ஆனால் சொந்தக்காரர்கள் வாங்கக் கூடாதாம். வாங்கியது ஒரே ஆள்தான், அதுவும் என் கணவர் என்று எழுதியிருந்தார்கள். நான் நம்பவில்லை. அந்த ஊரில் உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அண்ணன் கட்டிலுக்கு அடியில பதினோரு கத்தரிக்கோல் கிடக்கு. ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு" என்றார்.

எட்டு மாதமாகத் தையலுக்கு நடுவே உட்கார்ந்து, எந்தத் தையல் சாமான் நல்லது என்று வெப்சைட்டில் எழுதுகிறேன். தினமும் நானூறு பேர் வந்து பார்க்கிறார்கள். முதல் கத்தரி விற்ற அன்று, துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். இப்போது அவர்கள், "எத்தனை வித்துச்சு?" என்று கேட்கிறார்கள். நான் குனிந்து ஊசியில் நூல் கோக்கிறேன்.

நான் சோர்ந்துவிடக் கூடாது என்றுதான் வாங்கினீர்கள், தெரியும். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் எரிச்சலாக வருகிறது.

வேறொரு ஆன்லைன் கடையில் கமிஷன் கணக்குக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே ஒரு ஊசிகூட வாங்காதீர்கள். நான் எழுதியதைப் படியுங்கள், போதும். இதுவரை நீங்கள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நாலு கத்தரிகளை ஒப்பிட்டு எழுதிய அந்தப் பக்கத்தில், நீங்கள் வாங்கிக் குவித்த கத்தரிக்கு நேரே, "இதை மட்டும் வாங்காதீர்கள், ஒரே மாதத்தில் மழுங்கிவிடும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கோபம் ஆறாத
உங்கள் மனைவி