நூற்று முப்பத்தேழாவது சுற்று

டான்வில், வர்ஜீனியா
8 ஏப்ரல் 1967

கர்த்தருக்குள் பிரியமான ஒலீட்டா அக்காவுக்கு,

தம்பி கிளெல் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மில்லில் என்னைப் பகல் ஷிப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாதம் இழுத்த வலது கை அத்தானுக்குக் கொஞ்சமாவது அசைகிறதா? பேச்சு தெளிந்ததா? உன் மகள் மேவிஸ் பள்ளி முடிக்கிற வருஷம் இது, நாள் ஓடுவதைப் பார்.

சனிக்கிழமைப் பேப்பரில் ஒருவன் பழைய கார் பந்தயத்தைப் பற்றிக் கேள்வி பதில் போடுகிறான். காரின் தரையில் ஏன் ஓட்டை வெட்டினார்கள்? ஓட்டும்போதே குனிந்து டயர் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க என்ன செய்தார்கள்? இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கட்டினார்கள். எல்லாம் நம் வீட்டுக் கொட்டகையில் நடந்த கூத்து. சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசிக் கேள்வி, பைன் ஃபோர்க் மண் தடத்தின் முதல் இருநூறு சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்தது யார்? பதில், நம் அத்தான் கார்வின் பர்ச்செட். குடித்த காப்பி புரையேறிவிட்டது.

மே முப்பதாம் தேதி அந்தத் தடத்தின் வாசலில் ஜெயித்தவர்கள் பெயரைப் பலகையில் பொறித்து வைக்கப்போகிறார்களாம். முதல் பெயர் அத்தானுடையது.

அக்கா, பதினெட்டு வருஷமாக நான் வாய் திறக்கவில்லை. நானும் அத்தானும் ஓட்டிய அந்தப் பந்தயத்தைப் பற்றி இப்போது கேட்கிறேன். கார் கடக்கும் ஒவ்வொரு சுற்றையும் அட்டையில் குறிக்கிற வேலையில், மனைவி தன் புருஷன் காருக்கு எழுதக் கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் பெண்கள் அட்டையை மாற்றிக்கொண்டீர்கள், என் அட்டை உன் கைக்கு வந்தது. அக்கா தம்பிக்கு எழுதக் கூடாது என்று எவனும் சட்டம் போடவில்லை. எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் இருநூறு சுற்று ஓட்டினேன். நீ நூற்றுத் தொண்ணூற்றொன்பது எழுதினாய். ஒன்றை விட்டுவிட்டாயா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி கிளெல்


எல்கின், வட கரோலினா
17 ஏப்ரல் 1967

பிரியமான தம்பி கிளெல்லுக்கு,

உன் கடிதம் வந்தது. ஈஸ்டருக்கு இரண்டு வரி எழுத நேரமில்லாதவன் இதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், இருக்கட்டும்.

அத்தான் அப்படியேதான். இடது கையால் சாப்பிடுகிறார். பிஸ்கட்டில் நான் வெண்ணெய் தடவித் தரவேண்டும், தடவினால் கோபம் வருகிறது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. ஆனால் பழைய பந்தயம் என்றால் முகம் மாறிவிடும். வாரமெல்லாம் கள்ளச்சாராயம் கடத்திய அதே காரை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு ஓட்டிப்போய், அதிலேயே வீட்டுக்கும் வருவார்களே, அதைச் சொன்னால் மேவிஸ் நம்பவே மாட்டேன் என்கிறாள். "சும்மா கத விடாதீங்கப்பா" என்கிறாள். அவருக்கு அப்போதுதான் சிரிப்பு வருகிறது.

பலகை விழாவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போவதாகக் கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் பார்த்ததைத்தான் எழுதினேன். ஆறிப்போன புண்ணைக் கிளறாதே, தம்பி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஒலீட்டா


டான்வில்
24 ஏப்ரல் 1967

ஒலீட்டாவுக்கு,

பார்த்ததை எழுதினாய். பார்க்காதது எது என்றுதான் கேட்டேன்.

நூற்று முப்பத்தேழாவது சுற்றில் அத்தான் மூன்றாம் வளைவில் தடத்தோர மண்மேட்டைத் தாண்டிப் பறந்தார். ஒரே புழுதி. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, முன்னால் போன, சுற்றில் பின்தங்கிய ஒரு காரின் சத்தத்தை வைத்தே ஓட்டினேன். அத்தான் எப்படியோ மேடேறித் தடத்துக்கு வந்துவிட்டார். அந்த அரை நிமிஷம் நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?

கொடி விழுந்ததும் நான் ஜெயித்தேன் என்றுதான் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். "டேய், ஒரு சுத்து பின்னாடி இருந்துட்டு என்னடா ஆட்டம்?" என்றான் ஒருத்தன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்பார்டன்பர்க்கிலிருந்து வந்த முதலாளி, ஜெயித்தவன் தன் புதுப் பந்தயக் காரை ஒரு வருஷம் ஓட்டலாம் என்றாரே, நினைவிருக்கிறதா? அத்தான் வேண்டாமென்றார். அந்த மனுஷன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறு திங்கட்கிழமை நான் மில் வாசலில் நின்றேன். இன்றுவரை அங்கேதான் நிற்கிறேன்.

உண்மையை எழுது. இல்லையென்றால் முப்பதாம் தேதி அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அத்தான் முன்னாலேயே எழுந்து கேட்பேன். சத்தியமாகக் கேட்பேன்.

கிளெல்


எல்கின்
3 மே 1967

என் கூடப்பிறந்த கிளெல்லுக்கு,

நான்கு நாள் இந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் மேட்டைத் தாண்டியதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மேவிஸ் வயிற்றில் ஐந்து மாசம். "கர்த்தாவே, கர்த்தாவே" என்றதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவர் கார் புழுதியிலிருந்து வெளியே வந்தது. அதற்குள் நீ என்னைக் கடந்து போயிருக்கிறாய்.

அட்டையில் சுற்றுக்குச் சுற்று கடிகார நேரத்தை எழுதுவோம். உன் ஒவ்வொரு சுற்றும் இருபத்தொன்பது, முப்பது விநாடி. அந்த ஓரிடத்தில் மட்டும் ஐம்பத்தொன்பது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றை விட்டுவிட்டேன் என்று. சுற்றுக் கணக்கெடுப்பவர்களின் தலைவர் ஹோபர்ட் லைலும் அதில் விரலை வைத்தார்.

"ஏம்மா ஒலீட்டா, இங்க மட்டும் ஏன் இவ்ளோ நேரம்? உன் தம்பி எங்கயாவது நின்னானா?"

நான் இல்லை என்றிருந்தால் அவர் ஒரு சுற்றைச் சேர்த்திருப்பார், நீ ஜெயித்திருப்பாய்.

"நின்னான்" என்றேன்.

அதுதான் என் பாவம், கிளெல். விட்ட சுற்று கைத்தவறு. இது அப்படியில்லை. "ஒரு தடவ ஜெயிச்சுட்டேன்னா விட்டுடறேன், சத்தியம்" என்று அவர் பைபிளில் கை வைத்து என்னிடம் சொல்லியிருந்தார். மேட்டுக்குப் பின்னால் அவர் மறைந்ததைப் பார்த்தவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவர் உயிரோடு வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். உன்னை நினைக்கவே இல்லை. நினைத்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதன்பிறகு பந்தயக் காரைத் தொடவில்லை. அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. தபாலில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அத்தான் காதுக்குப் போகவேண்டாம். அவருக்கு மிச்சமிருக்கிறது அந்த ஒரு ஜெயம்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா ஒலீட்டா


டான்வில்
15 மே 1967

அக்காவுக்கு,

நேற்று காலை நீயும் மேவிஸும் சபைக்குப் போன நேரம் பார்த்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேண்டாமென்று கேட்டதைத்தான் செய்தேன். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அத்தான் முகத்துக்கு நேராக அதைப் படித்துக் காட்டவேண்டும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று வெறியோடுதான் வந்தேன்.

படித்தேன். அவர் முகம் மாறவே இல்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நீ... நிக்கலடா. தெரியும்."

கடிதத்தைக் கீழே வைத்தேன்.

"கடசி வரைக்கும்... உன் பின்னாலதான் வந்தேன். உன்ன நான்... தாண்டவே இல்ல."

"அப்ப கோப்பைய எதுக்கு வாங்கினீங்க?" என்று கத்தினேன், அக்கா. நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

ஹோபர்ட்டிடம் நீ சொன்னது அவர் காதில் விழுந்ததாம். பொய் என்று அவர் சொன்னால் அத்தனை பேர் முன்னால் நீ தலைகுனிய வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றாயாம். அதனால் வாங்கிக்கொண்டாராம்.

"அப்ப நான் யாரு?" என்றேன்.

"தப்புதான்" என்றார். அவர் சாக்கு எதுவும் சொல்லாமல் இருந்ததால்தான் நான் எழுந்து போகவில்லை.

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். அதை உனக்குச் சொல்லச் சொன்னதும் அவர்தான், அவருக்குத் தைரியம் வரவில்லையாம். சத்தியத்துக்காக அவர் பந்தயத்தை விடவில்லை, அக்கா. மறு ஞாயிற்றுக்கிழமை நீ அறியாமல் காரை எடுத்துக்கொண்டு தடத்துக்குப் போயிருக்கிறார். இன்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாராம். "ஜெயிக்காம ஜெயிச்சவன்... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓட்டுவான்?" என்றார். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தியத்துக்காக விட்டேன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டார். நீயும் நம்பினாய்.

இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை. உன்னைப் பழிவாங்கக் கிடைத்த சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

கமிட்டிக்கு நீ எழுதிய கடிதத்துக்குக் கீழே அவரும் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணல்மாணலாக, பெயர் தாளை விட்டு வெளியே போகிற மாதிரி. "போய்ப் போடுடா" என்றார். எல்கின் தபால்பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன். மூன்று பேர் இரவு பகலாகச் சுமந்தோம், போதும்.

நீ தவறவிட்ட சுற்றை மன்னித்துவிட்டேன், மனசார. "நின்னான்" என்றாயே, அதை இன்னும் முடியவில்லை. முயற்சி செய்கிறேன்.

முப்பதாம் தேதி வருவேன். அந்தப் புதுச் சட்டையைப் போட்டு அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, வராமல் இருந்துவிடாதே. ஆனால் என்னைக் கண்டதும் பக்கத்தில் வராதே. கமிட்டி மாற்றியிருந்தால், பலகையில் என் பெயரை முதலில் நான் தனியாகப் படித்துக்கொள்கிறேன். பிறகு வா.

உன் தம்பி,
கிளெல்