அவர் இலையில் ஒரு வாய்

சோழவந்தான்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி தங்கப்பாண்டிக்கு,

அக்கா முனீஸ்வரியின் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வயிற்றுப் புற்றுநோயை ஆராய்கிறேன் என்று ஹைதராபாத்தில் பட்டினி கிடந்து உன் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மச்சான் காதில் விழுந்துவிடும்.

முதலில் நல்ல சேதி. மச்சான் நன்றாக இருக்கிறார். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்த மனிதர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைசி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழைந்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். காலையில் கொடிக்காலுக்குப் போய் வெற்றிலை கிள்ளுகிற ஆட்களை அதட்டுகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. ஆற்றிலும் தண்ணீர் வருகிறது. கொடி தழைத்து நிற்கிறது.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் தமிழ்வாணிக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி உன்னுடையதுதான். லீவு இல்லை என்று சொன்னால் உன் லேபுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று போனில் உன் ஆராய்ச்சி என்னவென்று கேட்டேன். "புற்றுச் செல்லு சும்மா இருக்காதுக்கா. கண்ணுக்குத் தெரியாத பொட்டலமாக் கட்டிக் கட்டி வெளியே விடும். பக்கத்துல இருக்க நல்ல செல்லு அதை வாங்கிக்கிட்டு, அது சொன்னபடி ஆட ஆரம்பிச்சிரும்" என்றாய். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மச்சான் அதோடு எழுந்து வெளியே போய்விட்டார். இதெல்லாம் ஒரே உடம்புக்குள் நடப்பது, ஆளுக்கு ஆள் தொற்றாது, நல்ல செல்லும் இப்படிப் பொட்டலம் அனுப்பும் என்று நீ பிறகு சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. மிச்சச் சோற்றைத் தானே கொண்டுபோய்த் தென்னைக்கடியில் புதைக்கிறார். கொடிக்காலில் ஒரு கொடிக்கு வாடல் வந்தால் தண்ணீரோடு அடுத்த கொடிக்கும் போய்விடும் என்று பிடுங்கி எரித்தே பழகியவர் அல்லவா? தன்னையும் அப்படி ஒதுக்கிவிட்டார். நீ பிறகு சொன்னதைச் சொன்னால், நானே கட்டிச் சொல்கிறேன் என்கிறார். உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னால், "டாக்டர் ஆறுதலுக்குச் சொல்லுவாரு. மாப்ள மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொல்றான்" என்கிறார். அவர் சொம்பில் நான் தண்ணீர் குடித்துக் காட்டினேன். கோபத்தில் அவர் அன்று சாப்பிடவே இல்லை. அதன்பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைதான் பொறுக்க மாட்டேன் என்கிறாள். முதல் உருண்டை அப்பா கையால் வாங்கித் தின்று வளர்ந்தவள். இப்போது கேட்டால், "அப்பா கை அழுக்குடா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? சாப்பாட்டு நேரம் வந்ததும் சோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்கிறாள். நேற்றும் நின்றாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

உன்மேல் குற்றம் இல்லை சாமி. கேட்டவள் நான். ஆனால் போன் போட்டு எதையும் விளக்காதே. அக்கா சொல்லிக் கொடுத்துச் சொல்கிறான் என்பார். அவருக்கு உன் படிப்பின்மேல் அம்புட்டு நம்பிக்கை. அதனால் படித்தவன் நீயே செய்து காட்ட வேண்டும்.

காதுகுத்து விருந்தில் மாலை, மரியாதை எல்லாம் பிறகு. மச்சான் பக்கத்தில் உட்கார். அவர் தடுப்பார், விடாதே. அவர் இலையில் கைவைத்து, அவர் பிசைந்த ரசம் சோற்றில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடு. ஒரு வாய் போதும்.

நீயும் உன் ஆராய்ச்சியும் நன்றாக இருக்க வேண்டும். குலசாமி துணையிருப்பார். சீர் வரிசை ஒன்றும் வேண்டாம் தம்பி. வந்து உன் மருமகள் கையிலிருக்கிற சோப்பைக் கீழே வைக்கச் செய்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அக்கா
முனீஸ்வரி