டிரெய்லரை எந்த வண்டி இழுக்கும்?

ஜூன் 2

டிரெய்லர் வந்து சேர்ந்தது. பக்கத்துப் பண்ணை ஆர்லிஸின் மைத்துனர் இரண்டே கோடை பயன்படுத்தியது. உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் கழிப்பறை. எனக்கு இது போதும்.

ஆகஸ்ட் கடைசியில் நானும் வெர்லினும் இதை இழுத்துக்கொண்டு ஆரிகன் கடற்கரைக்குப் போகிறோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து கோதுமையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இனியாவது கடலைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருமே பார்த்ததில்லை.

நம்ம பிக்கப் வண்டி இதை இழுக்குமா என்று கேட்டேன்.

"வீட்டையே இழுக்கும்," என்றான் வெர்லின்.

எப்படித் தெரியும்? தபால் ஆபீசில் ஆயுசு முழுக்கப் பொட்டலம் எடை போட்டவள் நான். தராசில் ஏறாத எதையும் நம்பியதில்லை.

ஜூன் 9

சர்ச்சில் ஆராதனை முடிந்து கீழே காப்பி. டிரெய்லருக்கு எந்த அளவு வண்டி வேண்டும் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான், ஆண்கள் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவர் அதற்குக் குறைந்தால் மலையில் உயிர் போகும் என்றார். சின்ன வண்டி வைத்திருப்பவர் பெரியது வாங்குகிறவன் முட்டாள் என்றார். ஆக, ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைத்தான்.

வெர்லின் வாயே திறக்கவில்லை. வண்டிப் பேச்சு என்றால் முதல் ஆளாக நிற்பவன், ருபார்ப் தண்டு போட்ட கேக்கைத் தின்றுகொண்டே இருந்தான்.

ஜூன் 11

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்! இழுப்பது வேறு, சுமப்பது வேறு.

விளம்பரத்தில் போடுவது இழுக்கும் கணக்கு. அது பெரிய எண். ஆனால் டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அழுத்துகிறதே, அதையும் வண்டி சுமக்க வேண்டும். கூடவே நான், வெர்லின், டிரெய்லரை மாட்டும் கொக்கி, சாமான். இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் சொல்கிறது. இத்தனை வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறோம், ஒரு நாள் குனிந்து பார்த்தோமா?

வெர்லினைப் படிக்கச் சொன்னேன். "கண்ணாடி உள்ள இருக்கு, நீயே படி," என்றான். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆயிரத்து நானூறு பவுண்டு. எனக்கு நிறைய மாதிரி தெரிகிறது. ஆனால் எடை விஷயத்தில் கண் சொல்வதைக் கேட்கக் கூடாது.

ஜூன் 15

குளியலறைத் தராசைச் சமையலறைக்குக் கொண்டு வந்து வாணலி, போர்வை, மடக்கு நாற்காலி என்று வரிசையாக நிறுத்தேன்.

வெர்லின் வாசலில் நின்று பார்த்தான். "அடுத்தது என் மேல ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிடுவே போல."

"உனக்கு ஸ்டாம்ப் கட்டுபடியாகாது. ஏறி நில்லு."

ஏறினான். தராசின் எண்ணைக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்தான். வயிறு மறைத்திருக்கும்.

ஜூன் 19

ஆர்லிஸ் முட்டை கொடுக்க வந்தவள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். "ஏன் வெர்லின், உன் உருளைக்கிழங்கு வரிசை தண்ணி போட்டவன் நடந்த மாதிரி போகுது?"

எட்டிப் பார்த்தேன். ஆமாம். நடுவில் போய் வளைந்து திரும்புகிறது. இந்த ஊரில் பொண்டாட்டியைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், வரிசையைச் சொன்னால் பொறுக்க மாட்டார்கள். மழை விட்ட ஞாயிறுகளில் குடும்பத்தோடு மெதுவாக வண்டி ஓட்டிக்கொண்டு போய் யார் வயலில் வரிசை கோணல் என்று பார்ப்பதே இங்கே ஒரு பொழுதுபோக்கு. வெர்லினின் வரிசையைக் காட்டித்தான் மற்றவர்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள்.

"அங்க கல்லு," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். என்ன கல்? நம் தோட்டத்தில் ஏது கல்?

ஜூன் 25

தானியக் கிடங்கில் லாரி நிறுக்கும் மேடையில் இன்று எங்கள் ஊர்வலம் ஏறியது. அறுவடைக்கு முன்னால் வேலையில்லாமல் இருந்த கிடங்குக்காரன் கர்டிஸ் சந்தோஷமாக நிறுத்துக் கொடுத்தான். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியபடி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில்.

"லவான், கோதுமையா இருந்தா வாங்கிக்குவேன். நீங்க ரெண்டு பேரும் வேர்த்து ரொம்ப ஈரம், ஈரச் சரக்கு நான் எடுக்கறதில்ல," என்றான் என்னிடம். பிறகு சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அதிகம். கதவுத்தூண் ஒட்டுத்தாள் அனுமதிப்பதைவிட இருநூறு பவுண்டுக்குப் பக்கம் அதிகம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப விட்டுடு," என்றான் வெர்லின். "நமக்குக் கடல் கொடுத்து வைக்கல."

வருத்தப்பட்ட குரல் இல்லை. பல் டாக்டர் இன்று லீவு என்று கேள்விப்பட்டவன் மாதிரி இருந்தது.

ஜூலை 6

மைனாட் டவுனுக்குப் போய்ப் பெரிய வண்டிகள் பார்த்தோம். தோள் வலி என்று என்னையே காரை ஓட்டச் சொன்னான்.

முதல் வண்டி ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம். உட்கார்ந்தால் எனக்குக் கால் தொங்கியது. ஆனாலும் இழுக்கும், சுமக்கும். வெர்லின் சொன்னான்: "ஷெட்டுக்குள்ள நுழையாது." சரி, அடுத்தது. "சத்தம் அதிகம்." அதற்கடுத்தது, நடுத்தரம். எனக்குப் பிடித்தது. "கலர் சரியில்ல."

கலர்! மாட்டுச் சாணம் பூசிய பிக்கப்பில் கல்யாணத்துக்கு வந்தவன் இவன்.

பெரியது வேண்டாம், சின்னது வேண்டாம், நடுவிலும் வேண்டாம். இவனுக்கு வண்டி பிடிக்கவில்லையா, பயணம் பிடிக்கவில்லையா? திரும்பும்போது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை.

ஜூலை 7

கேட்கவில்லை. ஏன் பயப்படுகிறேன்?

ஜூலை 14

கணக்கு உதைக்கிறது. எங்கள் எடை, கொக்கி, டிரெய்லரின் மூக்கு எல்லாம் கூட்டினாலும் கர்டிஸின் சீட்டு வரவில்லை. நானூறு பவுண்டுக்கு மேல் எங்கிருந்தோ வருகிறது. ஆபீசில் பொட்டலம் சொன்ன எடைக்கு மேல் இருந்தால் என்ன செய்வோம்? திறந்து பார்ப்போம்.

பிக்கப்பின் பின் தொட்டிமேல் போட்ட மூடியைத் திறந்தேன். மணல் மூட்டைகள்.

பனியில் பின் சக்கரம் வழுக்காமல் இருக்க நவம்பரில் எல்லாரும் ஏற்றுவதுதான். ஏப்ரலில் இறக்கிவிடுவோம். மறந்துவிட்டான் போல என்று முதலில் சிரிப்பு வந்தது. இதற்காகவா புது வண்டி பார்க்கப் போனோம்!

அப்புறம் எண்ணினேன். நாங்கள் ஏற்றுவது எப்போதும் நாலு. இதில் ஏழு இருந்தது. மூன்று மூட்டை புதுசு. பனி படாத, அழுக்குப் படாத மூட்டை.

மறந்தால் நாலு இருக்கும். ஏழு எப்படி இருக்கும்?

ஜூலை 15

காலைக் காப்பியில் கேட்டுவிட்டேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், வெர்லின். ஏழு மூட்டை மணலை மறைக்க முடியாது."

கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"வர இஷ்டமில்லன்னா சொல்லியிருக்கலாமே. நான் என்ன உன்னைக் கட்டியா இழுத்துட்டுப் போவேன்?"

"இஷ்டம் இருக்கு."

"பின்ன?"

"தந்திக் கம்பம் வளையுது, லவான்."

புரியவில்லை. எந்தக் கம்பம்?

"எல்லாக் கம்பமும். ரோட்டு நடுக்கோடும். நேரே பார்த்தா நடுவுல ஒரு கறை, அதைச் சுத்தி எல்லாம் நெளியுது. உருளைக்கிழங்கு நடறப்பதான் முதல்ல தெரிஞ்சுது. இதை வெச்சுக்கிட்டு உன்னை மலை மேல ஏத்திட்டுப் போறதா? ஓட்ட முடியலன்னு எப்படிச் சொல்றது? எடை தாங்கலன்னா வண்டி மேல பழி போகும்னு நெனச்சேன்."

கத்தினேன். நல்லாவே கத்தினேன். வசந்தத்திலிருந்து இந்தக் கண்ணோடயா ஊருக்குள்ள ஓட்டிட்டு இருந்தே, சைக்கிள்ல ஒரு குழந்தை வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே, என்கிட்ட ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — சொல்லத் தோணலையா?

"நீ கேட்டுட்டே இருப்பேன்னு பயம்."

உண்மைதான். கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். நான் சாமான் சாமானாக எடை போட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்தவனைப் பார்க்கவில்லையே. கோபம் போகவில்லை. ஆனால் அவன் கோப்பையை நான்தான் நிரப்பினேன்.

ஜூலை 23

மைனாட்டில் கண் டாக்டர். கண்மணிக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை கெட்டிருக்கிறதாம். போனது திரும்பாது, இருப்பதை ஊசி போட்டுப் பிடித்து வைக்கப் பார்க்கலாம். கண்ணுக்குள்ளேயே ஊசி. வெர்லின் என் கையை நசுக்கிவிட்டான். இனி ஓட்டவே கூடாது.

பிரயாணம் போகலாமா என்று நான்தான் கேட்டேன். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் தாராளமாகப் போகலாம், கடல் பார்ப்பதென்றால் தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

ஜூலை 24

பிக்கப் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 3

மூட்டைகளை இறக்கினோம். மறுபடி கர்டிஸின் மேடை. சரியாக இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது! பழைய பிக்கப்பே போதும். அது எப்போதுமே போதும். விரலுக்கேத்த வீக்கம்.

கிளம்பும்போதே பிக்கப்பின் இருக்கையை எனக்காக முன்னால் தள்ளப் பார்த்தேன். துருப்பிடித்து நகர மறுத்தது. வெர்லின் வாங்கிய நாளிலிருந்து அது அவன் காலுக்கே வைத்தபடி இருந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து உதைத்தோம்.

சந்தைத் திடலில் பின்னால் எடுக்கப் பழகினேன். வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகிறது. என்ன நியாயம் இது? வெர்லின் பின்னால் நின்று "வா, வா, வா" என்றான். குப்பைப் பீப்பாய் கவிழ்ந்தது.

"நீதானே வான்னு சொன்னே!"

"குருடன் சொன்னா வந்துடறதா?"

இப்படி அவனே சொன்னது இதுதான் முதல் தடவை. முதலில் அவன்தான் சிரித்தான். அப்புறம்தான் நான்.

ஆகஸ்ட் 26

கிளம்புகிறோம். ஆர்லிஸ் மூன்று புது மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனாள். "கோணல் வரிசைக்கு அபராதம்" என்றாள்.

ஆகஸ்ட் 29

மொன்டானா மலை. ஏற்றத்தில் எனக்குப் பின்னால் பத்து வண்டி. வெர்லின்: "வர்றவன் வரட்டும். கியரைக் குறை. நல்லா ஓட்டறே." நாற்பது வருடத்தில் நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

செப்டம்பர் 2

வந்துவிட்டோம்.

கடல் பெரிய சத்தமாக இருக்கிறது. இவ்வளவு சத்தம் போடும் என்று யாருமே சொல்லவில்லை. வெர்லின் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். தலையைச் சாய்க்காமல், கடைக்கண்ணால் பார்க்காமல், நேராகவே பார்த்தான்.

"அங்க, கடலும் வானமும் சேர்ற கோடு. நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

"எனக்கு நடுவுல வளையுது."

"உன் உருளைக்கிழங்கு வரிசை மாதிரியா?"

"அவ்வளவு மோசமில்ல," என்றான்.

தோளில் கை போட்டுக்கொண்டு டிரெய்லருக்குத் திரும்பினோம். பிக்கப் சாவி என் பையில் உறுத்திக்கொண்டே வந்தது.