ஒரு சைஸ் பெரிய வெட்சூட்

மே 3, சனி

காலையிலிருந்து கிள்ளானில் மழை. மாவு புளிக்கவில்லை, தோசை வெள்ளையாக வந்தது. மத்தியானம் ஷாமினி டனீடனிலிருந்து கூப்பிட்டாள். ஜூலையில் லீவு கிடைத்துவிட்டதாம், வரச் சொல்கிறாள். "ஆனா கடல்ல இறங்க வேணாம்மா. இங்க அப்ப வின்டர். நீங்க கரையில உக்காந்து பாருங்க, போதும்."

போதுமா? போன வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தேன். குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு என்று வாடகைக்கு எடுத்த வெட்சூட்டில் இறங்கிய வேகத்தில் பல் தந்தியடிக்க ஓடி வந்து, காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு, தூரத்தில் அலைமேல் கறுப்பாகத் தெரிந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூசிலாந்து வரைக்கும் போனது அதற்கா?

போனில் அவள் பேச மாட்டாள். "ம்." "சாப்டேன்மா." "ஓகேமா, பை." அங்கே வேலைக்குப் போவதற்கு முன் என்னைச் செராத்திங் கடற்கரைக்கு இழுத்துப்போய் அலைச்சறுக்குப் பழக்கினாளே, அப்போது அப்படியில்லை. பலகையின் இருபக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டுவாள். ஆபீஸ் சண்டை, பிரிந்துபோன சிநேகிதன், எல்லாம். அவள் வாய் திறப்பது கடலில்தான். நான் காரில் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன தெரியும்?

இந்தத் தடவை இறங்குவேன். எனக்கென்று ஒரு நல்ல வெட்சூட் வாங்குகிறேன்.

மே 10, சனி

பூச்சோங்கில் ஒரு கடல் விளையாட்டுக் கடை. அங்கே பிரவின் என்று ஒரு பையன், பொறுமைசாலி. "தடிப்பு கூடுனா சூடு கூடும் ஆன்டி, ஆனா கை தூக்க வராது. சர்ஃபிங்னா கையாலதான லா தண்ணிய தள்ளணும்?" நெஞ்சுக்கு நாலு மில்லிமீட்டர் தடிப்பு, கைகாலுக்கு மூன்று, உள்ளே மெத்தென்ற லைனிங், தண்ணீர் நுழையாமலிருக்கத் தையலுக்கு மேல் டேப். "முக்கியமா, தோல் மாதிரி ஒட்டணும்."

ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். போட்டேன். கண்ணாடியில் என் தொப்பை எனக்கு முன்னால் நின்றது. வெளியே நாலைந்து இளவட்டங்கள் வேறு. யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று. இருப்பதிலேயே தடிப்பானது, ஒரு சைஸ் பெரிதாக. எங்கள் வீட்டில் எதை அளவாக வாங்கியிருக்கிறோம்? ஷாமினியின் ஸ்கூல் சட்டை, இவர் காலுக்குச் சப்பாத்து, எல்லாம் ஒரு சைஸ் பெருசு. அதுதான் புத்திசாலித்தனம்.

மே 27, செவ்வாய்

வந்துவிட்டது. கிள்ளான் வெயிலில் போட்டுப் பார்த்தேன். உள்ளே போனது லேசு, வெளியே வந்தது இவர் புண்ணியம். வேர்த்துக் குளித்துவிட்டேன். ஆனால் தொப்பை தெரியவில்லை. இடுப்பிலும் முதுகிலும் தொளதொள.

இவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள இன்னொரு ஆளுக்கும் எடம் இருக்கு, நானும் வரவா?" என்றார்.

மே 31, சனி

இடுப்பை மட்டும் கொஞ்சம் பிடித்தால் சரியாகிவிடும் என்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு எடுத்துப் போனேன். என் பிளவுஸெல்லாம் தைப்பது அங்கே நுஸைபாதான். சூட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, ரப்பரா? ஊசி ஒடஞ்சா நீங்கதான் பொறுப்பு." ஊசி உடையவில்லை. இரண்டு பக்கமும் ஜோராகப் பிடித்துக் கொடுத்தாள். "உள்ள ஒரு இஞ்ச் விட்டு தச்சிருக்கேன். பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கலாம்."

போகும்போது கேட்டாள்: "பிளவுஸ் மட்டும் மூச்சு முட்டுற மாதிரி கேப்பீங்க. இத ஏன் லூசா வாங்குனீங்க?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கிள்ளானில் குளிருக்கு எங்கே போவது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தைப்பூசத்துக்கு இவர் கூட்டாளிகள் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மோர் கலக்கும் அந்தப் பெரிய நீலத் தொட்டி எங்கள் போர்ச்சில்தான் கவிழ்ந்து கிடக்கும். முருகா மன்னிச்சுக்கோ என்று நிமிர்த்தித் தண்ணீர் விட்டு, மீன்காரர் லோரியிலிருந்து ஐஸ் வாங்கிக் கொட்டினோம். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா நாற்காலியோடு வந்து வேலி ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கினேன். ஐயோ.

நுஸைபா ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டையிலும் ஐஸ் தண்ணீர். கழுத்து வழியாக வேறு, குடம் குடமாக. முதுகில் அப்படியே நிக்குது. கையத் தூக்கலாம்னா தூக்க வரல, அவ்ளோ தடிப்பு. பிரவின் சொன்னான்ல, சொன்னான்ல, ஏன் கேக்கல நான்?

வீரம்மா அக்கா, "வேண்டுதலா உஷா?" என்று கேட்டார். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூன் 9, திங்கள்

பேசாமல் காரிலேயே உட்கார்ந்துவிடலாமா?

ஜூன் 12, வியாழன்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் இன்று கூட்டமில்லை. நுஸைபா கேட்டதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் லூசாக வாங்கினேன்?

குளிருக்காக இல்லை. தொப்பைக்காக. டனீடன் கடற்கரையில் யார் என் தொப்பையைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்? கல்யாண வீட்டுக்கு இரண்டு பிதுக்கம் தெரிய பிளவுஸ் போட்டுக்கொண்டு போகிறவள்தானே நான். அப்போது வராத வெட்கம் இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவினைக் கூப்பிட்டு, அன்று கண்ணாடியில் பார்த்த அதே சூட், அதே சைஸ் என்று சொல்லிவிட்டேன். இந்தச் செலவுக்கு ஈடாகத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று இவரிடம் சொன்னதும் முகத்தில் என்ன ஒரு பிரகாசம்.

ஜூன் 28, சனி

புது சூட். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று பிரவின் சொல்லியிருந்தான். நேற்று கடையிலிருந்து ரொட்டிச்சானாய் தாப்பாவ் பண்ணி, குழம்போடு கட்டிக்கொண்டு வந்த பை. வீடு முழுக்கக் குழம்பு வாசனை. இவர் இழுக்க, நான் குதிக்க, ஒருவழியாக ஏறியது. ஒட்டியது என்றால் ஒட்டியது. தொப்பை இருக்கும் இடத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

மறுபடியும் தொட்டி, ஐஸ், நாற்காலியில் வீரம்மா அக்கா. கழுத்து வரை உட்கார்ந்தேன். முதலில் சில்லென்று ஒரு கீற்று, அவ்வளவுதான். கையைச் சுழற்றினேன், முட்டியை மடக்கினேன், எல்லாம் என் பேச்சைக் கேட்டது. இவர் காத்திருந்து காத்திருந்து உள்ளே போய் நியூஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். தொட்டியில் இருந்தபடியே தின்றேன்.

ஜூலை 11, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. "ஸ்வெட்டர் எடுத்தீங்களாமா?" என்று கேட்டாள். எடுத்தேன் என்றேன். ஸ்வெட்டருக்கு அடியில் இருப்பதைச் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய், டனீடன்

கை இன்னும் வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பாத்ரூமிலிருந்து சூட்டோடு வெளியே வந்ததும் ஷாமினி, "அம்மா, யாரும்மா இது" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கைக்கும் காலுக்கும் தலைக்கும் அவளுடைய பழைய உறைகளைக் கொடுத்தாள். இறங்கினோம். முகத்தில் மட்டும் குளிர் அறைந்தது. உடம்பு உடம்பாகவே இருந்தது.

ஓர் அலையைத்தான் உருப்படியாகப் பிடித்தேன். பிறகு பலகைமேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நல்ல நல்ல அலையெல்லாம் போய்க்கொண்டிருந்தது, அவள் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் இங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். பேப்பர்லாம் போட்டுட்டேன். போன்ல சொல்ல வாய் வரல."

வலித்தது. எங்கே வலிக்கும் என்று நினைத்தேனோ அங்கேயே வலித்தது. வருஷக் கணக்காக அவள் ரூமைத் துடைத்து வைத்திருக்கிறேனே. ஆனால் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். லேப் வேலை, முதல் வருஷம் தனியாக அழுதது, இப்போது இந்த ஊர் பிடித்துப்போனது. போனில் வராததெல்லாம் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவளுக்குத்தான் உதடு நீலமாகிவிட்டது. "அம்மா, எனக்கு குளிருது, போலாமா?"

"எனக்கு குளிரல. நீ சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம்."

ஜூலை 26, சனி, டனீடன்

நாளை விமானம். சாமான் எடுத்து வைக்கும்போது பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த வெட்சூட்டை ஷாமினி மடித்துக்கொண்டு வந்தாள். "இத எந்த பெட்டியிலம்மா வெக்கிறது?"

வாங்கி, அவள் அலமாரியில், அவள் சூட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.